காலுக்கு ஒரு டாக்டர், வயிற்றுக்கு ஒரு டாக்டர்

மார்ச் 4

வயிறு 2. ரத்தம் இல்லை.

போதுமா டாக்டரம்மா? ஆறு வருடமாக இப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். பெருங்குடலில் புண், அடங்கும், திரும்ப வரும், முழுசாகப் போகாது, அதனால் ஒரு நாளைக்கு எத்தனை தடவை போனீர்கள், ரத்தம் உண்டா என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள் என்றார் அந்த அம்மா. குறிக்கிறேன். ஆனால் வெறும் எண்ணை எழுதிவிட்டு நோட்டை மூட எனக்கு மனசு வருவதில்லை. அன்றைக்கு யார் மேல் எரிச்சலோ அதையும் எழுதித் தீர்த்தால்தான் சாப்பாடு இறங்குகிறது.

இன்றைக்கு விசில் மேல். அவனுக்கு நான் வைத்த பேர். நான் மேலே கேபினில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறேன், அவன் கீழே நின்று எனக்கு சிக்னல் கொடுக்கிறான். கையில் வாக்கி-டாக்கி இருந்தும் வாயால் விசில் அடித்துத்தான் கூப்பிடுவான், ஆடு மேய்க்கிற மாதிரி. ஆபரேட்டர் பரீட்சையில் பாஸாகி ஒரு வருடமாக என் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

மதியம் காற்று ஏறியது. காற்று ஏறினால் நிறுத்திவிட்டு இறங்க வேண்டும், சட்டம். இறங்கிக்கொண்டுதான் இருந்தேன். "அக்கா சீக்கிரம், அக்கா சீக்கிரம்" என்று காதுக்குள் நச்சரித்தான். நூற்று அறுபத்தெட்டுப் படி இரும்பு ஏணி. கடைசிப் பத்துப் படியில் கால் வழுக்கி முழங்காலுக்குக் கீழே எலும்பில் நச்சென்று ஒரு அடி. லேசாகத் தோல் வழன்றிருக்கிறது, அவ்வளவுதான்.

"என்னக்கா, அடி பட்டுச்சா?"

"உன் வாயாலதான் பட்டுச்சு" என்றேன்.

மார்ச் 7

வயிறு 3. அடிபட்ட இடத்தில் சிவப்பாக ஒரு கொப்புளம். முப்பத்தெட்டு வயதில், முகத்தில் வராத பரு காலில் வந்திருக்கிறது.

மார்ச் 10

வயிறு 3. கொப்புளம் உடைந்துவிட்டது. உடைந்தால் வலி குறைய வேண்டுமல்லவா? கூடியிருக்கிறது. பேன்ட் துணி உரசினாலே உயிர் போகிறது.

கம்பெனி டாக்டரிடம் போனேன். சைட் வாசலில் தகரக் கூரை போட்ட அறை, ஒரு கட்டில், ஒரு ஃபேன். அவர் என் முகத்தைப் பார்த்து நான் பார்த்ததில்லை. காலிடம்தான் பேசுவார்.

"சர்க்கரை இருக்கா?"

"இல்ல."

"வேற எதுவும் வியாதி?"

"இல்ல."

ஏணியில் பட்ட அடி, கிருமி புகுந்திருக்கிறது, ஏழு நாள் மாத்திரை என்றார்.

அந்த இரண்டாவது "இல்ல" எனக்குப் பழக்கமானது. இந்தக் கம்பெனியில் சேரும்போது படிவத்தில் எழுதினேன், வருஷா வருஷம் எழுதுகிறேன். குடல் நோய்க்காரியை ஐம்பது மீட்டர் உயரத்தில் எட்டு மணி நேரம் உட்கார வைப்பார்களா? மேலே கழிப்பறை கிடையாது. ஆண்கள் பாட்டிலை வைத்துச் சமாளிக்கிறார்கள். நான் சாப்பிடாமல் சமாளிக்கிறேன். காலையில் வெறும் வயிறு. மதியம் ஒரு தடவை இறங்கி ஏறுவது. அதற்குப் பிறகு இரண்டு பிஸ்கட்.

இந்த சைட்டில் கேபினில் ஏறிய முதல் பெண் நான். "இதுக்குத்தான் பொம்பளைங்க வேணாம்னு சொன்னோம்" என்று சொல்லப் பத்துப் பேர் நாக்கைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். அந்தச் சந்தோஷத்தை அவர்களுக்கு நான் கொடுப்பதாக இல்லை.

மார்ச் 14

வயிறு 3. வீட்டில் இவர் என் காலை அளந்தார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவர், எதையும் மில்லிமீட்டரில்தான் பார்ப்பார். சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் அந்தச் சின்ன ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு "ஒம்பது" என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. பெண்டாட்டி கால் என்ன மூக்குக் கண்ணாடியா?

"எழுதி வை" என்றார். எழுதிவிட்டேன். ஒன்பது மி.மீ.

மார்ச் 17

வயிறு 4. ஏழு நாள் மாத்திரை முடிந்தது, ஒரு பிரயோஜனமும் இல்லை. புண்ணில் அழுக்கு சேர்ந்திருக்கிறது, சுத்தம் பண்ண வேண்டும் என்று கம்பெனி டாக்டர் ஏதோ கரண்டி மாதிரி ஒன்றை வைத்து வழித்தார். மரத்துப்போக ஊசி போட்டாராம். யாருக்குப் போட்டார் என்று தெரியவில்லை. கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் மனசுக்குள் வரிசையாகச் சொல்லி முடித்தேன்.

மார்ச் 20

வயிறு 5. கொஞ்சம் ரத்தம்.

கால் 21 மி.மீ.

மார்ச் 22

வயிறு 5. ரத்தம். எல்லாம் ஒரே நேரத்தில் வர வேண்டுமா? எனக்கென்று ஒரு தேதி பார்த்து வைத்திருக்கிறார்களா?

மார்ச் 26

வயிறு 6. ரத்தம்.

விடுப்பு எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். இரண்டு பஸ் மாற வேண்டும், நடுவில் எங்கெங்கே கழிப்பறை இருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம். நோட்டைக் கையில் கொடுக்கவில்லை, எண்ணிக்கையை மட்டும் வாசித்துக் காட்டினேன். இதில் அவரைப் பற்றியே நாலு இடத்தில் திட்டு இருக்கிறது.

மாத்திரையைக் கூட்டினார். வழக்கமான கேள்விகள். கண்ணில் சிவப்பு? இல்லை. மூட்டு வலி? இல்லை.

"தோல்ல ஏதாவது? கட்டி, புண்ணு?"

"இல்ல டாக்டர்."

ஏன் அப்படிச் சொன்னேன்? முழுக்கால் பேன்ட்டுக்குள் கட்டுப் போட்ட கால் தெறித்துக்கொண்டிருக்கிறது, நான் பாட்டுக்கு இல்லை என்கிறேன். கால் சைட்டில் அடிபட்டது, அது சைட் சமாச்சாரம். இந்த அம்மா காலைப் பார்த்தால், யார் பார்க்கிறார்கள், என்ன மருந்து என்று கேட்பார். கம்பெனி டாக்டருக்குக் கடிதம் எழுதுவார். கடிதத்தின் முதல் வரியிலேயே என் குடல் இருக்கும். அப்புறம் கேபின் எனக்கு ஏது?

காலுக்கு ஒரு டாக்டர், வயிற்றுக்கு ஒரு டாக்டர். ஒருத்தர் வீட்டு வாசலை இன்னொருத்தர் மிதிக்காமல் ஆறு வருடம் பார்த்துக்கொண்டேன். இனியும் பார்த்துக்கொள்வேன்.

மார்ச் 29

வயிறு 6. யாரோடும் பேசவில்லை. நல்ல நாள்.

மார்ச் 31

வயிறு 5. மறுபடியும் வழித்தார். இந்தத் தடவை ஆழமாக. சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியதில் கிருமி எதுவும் வளரவில்லையாம்.

"கிருமி இல்லன்னா அப்புறம் எதுக்கு டாக்டர் வழிக்கிறீங்க?"

"ஒளிஞ்சிருக்கும்மா. சில கிருமி அப்படித்தான்."

ஒளிந்து பிடித்து விளையாட அதற்கு என் கால்தான் கிடைத்ததா?

ஏப்ரல் 3

வயிறு 7. கால் 38 மி.மீ. விளிம்பு ஊதா நிறத்தில் இருக்கிறது. ஓரத்தில் தோலுக்கு அடியில் குடைந்துகொண்டு போகிறது. இவர் அளந்துவிட்டு ஸ்கேலைத் துடைக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

நாத்தனார் வந்தாள். உள்ளே வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டாள். "அண்ணி, நீங்க எப்பப் பாத்தாலும் கோவமாவே இருக்கீங்களா, அதான் உடம்பு சூடாகி இப்படிப் பொத்துக்குது. சந்தோஷமா இருந்து பாருங்க." நான் சந்தோஷமாக இருந்து பார்த்தேன். அவள் கிளம்பின பிறகு.

ஏப்ரல் 8

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

வயிறு 9.

கான்கிரீட் பக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது. ஏழாவது மாடித் தூணுக்கு மேல், கீழே நாலு பேர் கை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அப்போது வந்தது. வழக்கமாக ஒரு அறிவிப்பு இருக்கும், பல்லைக் கடித்தால் கொஞ்ச நேரம் தள்ளிப்போடலாம். இன்றைக்கு இல்லை. லோடைத் தொங்கவிட்டு எழுந்திருக்க முடியாது. கைப்பிடியை விட முடியாது. விசில் நிதானமாக "கொஞ்சம் வலது, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். வலது பக்கம் கொண்டுபோனேன். இறக்கினேன். பக்கெட்டைத் திறந்து கொட்டி முடித்து, ஹூக்கை மேலே தூக்கும்வரை கை நடுங்கவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன், கை நடுங்கவேயில்லை.

நாற்காலியிலேயே ஆகிவிட்டது.

எல்லோரும் சாப்பாட்டுக்குப் போகும்வரை காத்திருந்தேன். மாற்று பேன்ட், பிளாஸ்டிக் பை, ஈரத்துணி, எல்லாம் பையில் எப்போதும் இருக்கும். மூன்று வருடமாக வைத்திருக்கிறேன், இன்றைக்குத்தான் தொட்டேன். கேபினைத் துடைத்தேன். ரெண்டு தடவை துடைத்தேன். அந்தப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தக் காலோடு நூற்று அறுபத்தெட்டுப் படி. பாதியில் நின்று அழுதேன். ஏன்டி அழுற, யாரு உன்னை ஏறச் சொன்னா? நீதானே ஏறின?

கீழே வந்தபோது விசில் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தான். நொண்டுவதைப் பார்த்தான். பையைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடித்திருப்பேன்.

ஏப்ரல் 10

வயிறு 8.

என்னை இறக்கிவிட்டார்கள். சைட் இன்ஜினியர் கூப்பிட்டு, கால் சரியாகும்வரை கேபின் வேண்டாம், விடுப்பில் போங்கள் என்றார். "உங்க நல்லதுக்குத்தான்." என் நல்லதுக்கு என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குத் தெரியும், யாருக்கோ நல்லது நடக்கப்போகிறது.

விசில்தான் சொல்லியிருக்கிறான். வாசலில் பிடித்துக்கொண்டேன்.

"நீதானே போட்டுக் கொடுத்த?"

மறுப்பான், அப்போது கிழிக்கலாம் என்று நினைத்தேன். "ஆமாக்கா, நான்தான் சொன்னேன்" என்றான்.

"வெக்கமா இல்ல?"

"நீங்க மேல மயங்கி விழுந்தா லோடுக்குக் கீழ நிக்கிறது நான்தானே."

"கீழ நிக்கப் பிடிக்காமத்தானே மேல ஏறப் பாக்குற?"

"அதுவும்தான்" என்றான். ஒளிவு மறைவே இல்லாத பயல். திட்டக்கூட இடம் வைக்கவில்லை, அதுதான் இன்னும் எரிகிறது.

ஏப்ரல் 14

வயிறு 7. ரத்தம்.

கால் 52 மி.மீ. இதற்கு மேல் தன்னால் ஆகாது என்று கம்பெனி டாக்டர் பெரிய ஆஸ்பத்திரி சர்ஜனிடம் அனுப்பினார். சர்ஜன் சுறுசுறுப்பானவர், புண்ணைப் பார்த்ததும் கையைத் தேய்த்துக்கொண்டார். சுற்றிலும் நல்ல தோல் வரைக்கும் அகலமாக வெட்டி எடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவதாம். இருபத்து நாலாம் தேதி, வியாழக்கிழமை. ஆறு வாரத்தில் ஏணி ஏறலாம் என்றார்.

ஏணி என்ற வார்த்தையைக் கேட்டதும் சரி என்றுவிட்டேன். தொடை என்ன, எங்கே வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

ஏப்ரல் 16

வயிறு 7.

ஆபரேஷன் படிவத்தை வீட்டில் உட்கார்ந்து நிரப்பினேன். "வேறு நோய்கள்" என்ற இடத்தில் "இல்லை." இவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"பொய் எழுதுற."

"உங்க கால் இல்லையே."

"மயக்க மருந்து குடுக்கப் போறாங்க. நீ தினமும் முழுங்குற மாத்திரையைக்கூடச் சொல்ல மாட்டியா?"

"சொன்னா என் சீட்டு போயிடும்."

"போகட்டுமே."

போகட்டுமே! எவ்வளவு சுலபமாக வருகிறது. பன்னிரண்டு வருடம். கார் பேட்டரி கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள், தனியாக டிரெய்னிங் போய், சிரித்தவன் எல்லோர் முன்னாலும் ஏறி உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்தால்தான் எனக்கு யார் மேலும் கோபம் வருவதில்லை. அது இவருக்குத் தெரியுமா? தெரியும், ஒரு தடவை நானே சொல்லியிருக்கிறேன்.

"நீங்க வாயைத் திறந்தீங்கன்னா, நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்" என்றேன்.

அவர் வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் எதற்குமே திறக்கவில்லை.

ஏப்ரல் 17

வயிறு 8. வீட்டில் சுவர்க் கடிகாரம் மட்டும் பேசுகிறது.

ஏப்ரல் 19

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

விசில் மேல் புகார் எழுத உட்கார்ந்தேன். அவன் அவசரப்படுத்தியதால்தான் வழுக்கினேன், அதனால்தான் புண், அதனால்தான் ஆபரேஷன் என்று தேதி வாரியாக எழுதிக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவது. அவன் என் நாற்காலியில் உட்கார்ந்தாலும் நிம்மதியாக உட்காரக் கூடாது. தேதிகளுக்காக இந்த நோட்டைப் புரட்டி ஒரு தாளில் இறக்கினேன்.

14-ஆம் தேதி 9 மி.மீ. 17-ஆம் தேதி வழித்தார். 20-ஆம் தேதி 21.

31-ஆம் தேதி வழித்தார், ஆழமாக. 3-ஆம் தேதி 38.

எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகப் பார்த்தேன். போக முடியவில்லை. இது விசில் மேல் புகார் மாதிரி தெரியவில்லையே? முதலில் அடிபட்டது ஒரு நகக்கீறல் அளவுதான். கத்தி பட்ட மூன்றாம் நாள் புண் பாய்கிறது. ஒரு தடவை என்றால் சரி. இரண்டு தடவையும்.

அப்புறம் பக்கத்திலேயே இன்னொரு வரிசை கண்ணில் பட்டது. அதை நான் புகாருக்காக எழுதவில்லை, கை பழக்கத்தில் தானாக வந்திருக்கிறது. வயிறு 2, 3, 3, 4, 5, 6, 7, 9. கால் ஏற ஏற வயிறும் ஏறியிருக்கிறது. ரெண்டும் கையைக் கோத்துக்கொண்டு.

"தோல்ல ஏதாவது? கட்டி, புண்ணு?" அந்த அம்மா சும்மா கேட்கவில்லை. ஆறு வருடமாக ஒவ்வொரு தடவையும் அதைக் கேட்டிருக்கிறார். ஒரு வயிற்று டாக்டர் எதற்காகத் தோலைப் பற்றிக் கேட்கிறார் என்று ஒரு நாளாவது யோசித்தேனா?

கிருமியும் இல்லை. வெட்டினால் வளர்கிறது. வியாழக்கிழமை அகலமாக வெட்டப் போகிறார்கள்.

ஏப்ரல் 20

வயிறு 8.

கால் வேண்டுமா, கேபின் வேண்டுமா? இதென்ன கேள்வி. கேபின்தான்.

கால் இல்லாமல் எப்படி ஏறுவாய், முட்டாளே.

யாருக்குத் தெரியும், நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். சர்ஜன் படித்தவர். நான் ஒரு கிரேன்காரி. பேசாமல் போய்ப் படுத்தால் ஆறு வாரத்தில் ஏணி.

இவரிடம் தாளைக் காட்டினேன். நாலு நாளைக்கு அப்புறம் முதல் வார்த்தை. எண்களைத்தான் பார்த்தார். அப்புறம், "என் அளவு தப்பா இருக்காது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு எதிர்ப்பக்கம் போயிருப்பேன். பதினாலு வருடத்தில் மனுஷன் இதையாவது கற்றுக்கொண்டிருக்கிறார்.

ஏப்ரல் 21

போனேன். நோட்டோடு. பேன்ட்டை மடித்துவிட்டு, கட்டை நானே அவிழ்த்து, காலை அவர் முன்னால் ஸ்டூலில் வைத்தேன்.

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். அப்புறம் பேசியது காலிடம் இல்லை, என் முகத்தைப் பார்த்து.

"போன தடவை கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

"இல்லன்னீங்க."

"ஆமா."

"இதை யாரு வழிச்சது?"

சொன்னேன். எல்லாவற்றையும். நோட்டையும் கொடுத்துவிட்டேன், திட்டெல்லாம் சேர்த்து. அவர் புரட்டப் புரட்ட எனக்கு வியர்த்தது. ஒரு இடத்தில் நின்று, "'இந்த அம்மாவுக்கு வேற வேலையே இல்லை'. இது நானா?" என்றார். ஆமாம் என்றேன். மேலே படித்தார்.

பக்கத்துக் கட்டடத்திலிருந்து தோல் டாக்டரை வரவழைத்தார். அவர் ஊதா விளிம்பைப் பார்த்ததும் இருவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். வேறு எதுவும் இல்லை என்று உறுதி செய்ய ஓரத்தில் துளியூண்டு மட்டும் எடுத்தார்.

கிருமி இல்லையாம். குடலைத் தாக்குகிற அதே கோளாறு தோலையும் தாக்குமாம். உடம்பு தன்னைத்தானே தின்பது. சின்ன அடி பட்டால் போதும், அந்த இடத்தில் கிளம்பும். சுத்தம் செய்கிறேன் என்று வெட்ட வெட்டப் பரவும்.

"வியாழக்கிழமை வெட்டியிருந்தா?"

"முட்டியைத் தாண்டியிருக்கும்" என்றார் தோல் டாக்டர்.

டாக்டரம்மா நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "என்கிட்ட பாதி, அவர்கிட்ட பாதின்னு பங்கு போட்டுக் குடுத்திருக்கீங்க. இது ஒண்ணுலதான் ரெண்டும் சேர்ந்து இருக்கு. எதுக்கும்மா இப்படிப் பண்ணீங்க?"

கோபமாகத்தான் கேட்டார். எனக்கும் கோபம்தான் வந்தது, ஆனால் வழக்கம்போல் அதைத் தூக்கிப் போட எதிரில் ஆள் இல்லை. என்னைத் தவிர.

ஏப்ரல் 22

ஆபரேஷனை ரத்து செய்தாகிவிட்டது. டாக்டரம்மாவின் கடிதத்தைக் கம்பெனி டாக்டரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் வரியில் என் குடல்.

"முதல்லயே சொல்லியிருந்தா நான் கை வச்சிருக்கவே மாட்டேனே?"

"நீங்க முகத்தைப் பாத்துக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றேன்.

பொய். முகத்தைப் பார்த்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் அந்த ஆளிடம் தோற்றுவிட்டு வெளியே வர எனக்கு மனமில்லை.

மே 6

வயிறு 4. கால் 50 மி.மீ. வளரவில்லை. ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் பூசணிக்காய் மாதிரி ஊதியிருக்கிறது. நரம்பு வழியாகச் சொட்டு மருந்தும் ஆரம்பித்திருக்கிறார்கள். மூன்று மணி நேரம் நாற்காலியில் ஊசியோடு. பக்கத்து நாற்காலிக்காரி ஓயாமல் பேசினாள். என் நாத்தனாரோடு கூடப்பிறந்தவள் போல.

மே 19

கம்பெனிக் கடிதம். பல வருடங்களாகத் தகவலை மறைத்ததால் எச்சரிக்கை. உயரத்தில் வேலை செய்யத் தகுதியில்லை. விசில் இன்றைக்கு என் நாற்காலியில் ஏறிவிட்டான்.

அந்தப் பத்துப் பேரும் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருப்பார்கள். ஆளுக்கொரு தடவை.

மே 20

வயிறு 3. அழுதேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "போகட்டுமேன்னு அன்னிக்கு சொன்னது தப்பு" என்றார். "ஆமா, தப்புதான்" என்றேன்.

ஜூன் 25

வயிறு 2. கால் 31.

ஆகஸ்ட் 11

வயிறு 2. கால் 8. இவர் அளந்துவிட்டு "எட்டு" என்றார். மூக்கைச் சிந்திவிட்டு தூசி என்றார். நான் கண்டுகொள்ளவில்லை.

ஆகஸ்ட் 28

சைட் இன்ஜினியர் கூப்பிட்டார். கீழே சிக்னல் கொடுக்கிற வேலை இருக்கிறதாம். விசிலின் பழைய இடம்.

கீழே நின்று கையை ஆட்டவா? நான் ஆட்டிவைத்த பயல் மேலே உட்கார்ந்திருக்க, நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமா? போனை வைத்துவிட்டேன்.

பத்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. சிக்னல்காரர் சொல்லாமல் ஆபரேட்டர் ஒரு அங்குலம்கூட நகர்த்தக் கூடாது. இடது என்றால் இடது, நில் என்றால் நிற்க வேண்டும். நாள் முழுக்க அவன் நான் சொன்னபடி கேட்க வேண்டும். சட்டம்.

திரும்பக் கூப்பிட்டு சரி என்றேன்.

செப்டம்பர் 9

வயிறு 3. ரத்தம் இல்லை. கால் மூடிவிட்டது. சல்லடை மாதிரி ஒரு தழும்பு, பார்க்கச் சகிக்காது. நான் பார்ப்பதில்லை.

வேலையில் ஏழாவது நாள். கண்ணாடிப் பலகைகள் ஏற்ற வேண்டியிருந்தது. விசிலுக்குக் கை கொஞ்சம் வேகம், கண்ணாடிக்கு அது ஆகாது. "மெதுவா. உன் மாமியார் வீட்டுச் சாமான்னு நினைச்சுக்காத" என்றேன். வாக்கி-டாக்கியில் எல்லோரும் ஒரே சேனல். கான்கிரீட் கோஷ்டி, இன்ஜினியர், வாசல் காவலாளி, எல்லோர் காதிலும் விழும்.

ஐந்தாவது பலகை பத்தாம் மாடி ஓரத்தில் இருந்தபோது வயிறு முறுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை உள்ளே வாங்கவைத்து, கொக்கியைக் கழற்றும்வரை நின்றேன். அடுத்த பலகை கீழே தயாராக இருந்தது. அதையும் கடித்துக்கொண்டு நின்றிருக்கலாம். இத்தனை வருடம் அப்படித்தான் நின்றேன்.

பொத்தானை அழுத்தினேன்.

"தம்பி, ஹூக்கை மேல தூக்கிட்டு நிறுத்து. அடுத்த லோடு இப்ப வேணாம். நான் கழிப்பறைக்குப் போகணும். எனக்குக் குடல்ல வியாதி, வந்தா உடனே போயாகணும். பத்து நிமிஷம்."

சேனலில் எங்கேயோ ஒருத்தன் சிரித்தான். குரலை வைத்தே யாரென்று தெரிந்துவிட்டது, அவனை நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன். அப்புறம் மேலேயிருந்து விசிலின் குரல் வந்தது.

"சரிக்கா. நிறுத்திட்டேன். நீங்க வர்ற வரைக்கும் எதையும் தொட மாட்டேன்."

எட்டுப் பேர் வேலையை நிறுத்திவிட்டு வழிவிட்டு நின்றார்கள். நான் ஓடவில்லை. நடந்துதான் போனேன்.